இறால் கொட்டகையில் மருதாணி

இறால் உரிப்பதற்குக் கத்தி வேண்டியதில்லை. இடக்கையால் உடலைப் பற்றிக்கொண்டு, வலக்கையால் தலையைத் திருகி எறிந்து, கால்கள் இருக்கும் பக்கமாகக் கட்டைவிரலை நுழைத்து ஓட்டைக் கழற்றி, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை நகத்தால் இழுத்துவிட்டால் ஓர் இறால் முடிந்தது. அந்தத் தொழிலில் தேயக்கூடிய கருவி விரல் ஒன்றே. இதை நான் முதலில் சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. பிறகு நான் சொல்லவிருப்பது முழுவதும் விரல்களைப் பற்றியது.

நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டப்பட்டு, அதன் ஊழியர்களுக்கான நகரியத்தில் வட்டம் வட்டமாக வீடுகள் எழுந்துகொண்டிருந்த அறுபதுகளில் நான் அந்த வேலையில் இருந்தேன். கடல் எங்களுக்கு அண்மையில் இல்லை. கடலூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் பனிக்கட்டியும் உமியும் இட்டு லாரியில் இறால் வரும். கடற்கரையில் உரிக்கும் பெண்கள் கூலி விஷயத்தில் ஒன்றாக நின்றதனால்தான் ஒப்பந்தக்காரர் கொட்டகையை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். முதலில் அவர் வடலூரில் இடம் தேடினாராம். ஜீவகாருண்யத்துக்குப் பெயர்பெற்ற ஊரில் அப்படிப்பட்ட காரியத்துக்கு எவரும் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் வடக்குத்து என்ற ஊரின் ஓரத்தில், முந்திரித் தோப்பை ஒட்டிய பொட்டலில், தகரக் கூரை போட்டுச் சிமெண்டுத் தரை பூசிக் கொட்டகை அமைந்தது. உரித்த இறாலில் ஒரு பங்கு நகரியத்து மெஸ்களுக்குச் சைக்கிளில் போகும். எஞ்சியது மீண்டும் பனிக்கட்டியில் அடுக்கப்பட்டு ரயிலேறிச் சென்னைக்குப் போகும். அங்கிருந்து கப்பலேறிச் சீமைக்குப் போவதாக எங்கள் மேஸ்திரி சொல்வார்.

எங்களை அந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தாம். நாங்கள் கூலிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்துப் பழகியவர்கள். விதைக்கான மல்லாட்டையைப் பருப்பு உடையாமல், மேல்தோல் கீறாமல் உரித்துத் தர வேண்டும். அதில் எங்கள் பெண்களின் கைவேகம் சுற்றுவட்டாரத்தில் பேசப்பட்ட ஒன்று. சுரங்கத்துக்காக ஊர்கள் எடுக்கப்பட்டபோது நிலம் வைத்திருந்தவர்களுக்கு நிலத்தைப் பற்றிய கவலை இருந்தது. எங்களிடம் நிலம் இல்லை. பிறர் நிலத்தில் இருந்த வேலைதான் எங்கள் சொத்து. அது மண்ணோடு மண்ணாகப் போயிற்று. ஆண்கள் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனார்கள். பெண்களுக்குக் கொட்டகை வாய்த்தது.

“மல்லாட்டை ஒரிக்கற கைக்கு எறா இன்னா பெரிய வேலையா? அதுவும் ஓடு, இதுவும் ஓடு” என்று மேஸ்திரி சொல்லித்தான் எங்களை அழைத்துப் போனார்.

மல்லாட்டைக்கும் இறாலுக்கும் உள்ள வேற்றுமையை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டோம். இறாலின் தலையில் வாள்போன்ற ஒரு கொம்பு உண்டு. அது குத்திய இடம் அன்று வலிக்காது, மறுநாள் வீங்கும். பனிக்கட்டி நீரில் விரல் மரத்துப்போவதால் குத்தியதும் தெரியாது. இவற்றையெல்லாம்விடக் கொடியது இறாலில் இருந்து வடியும் நீர். அது விரல் நுனித் தோலை வெளுக்கச் செய்து, பின்னர் அரித்து, அம்மை வடுவைப்போலச் சிறு சிறு குழிகளாக்கிவிடும். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் உப்பும் புளியும் பட்டு உயிர் போகும். எங்களில் பலர் கரண்டியால் சாப்பிடக் கற்றுக்கொண்டது அந்நாளில்தான். “தொரசானிங்க சாப்புடறாங்க பாரு” என்று வீட்டு ஆண்கள் பரிகசித்தார்கள்.

இதற்கு மருந்தாக எங்களுக்குக் கிடைத்தது மருதாணி. எங்கள் வரிசையில் மூத்தவளாக ஒருத்தி இருந்தாள். அனைவரும் அவளை அக்கா என்றே அழைப்போம். மருதாணி தோலைக் கெட்டிப்படுத்தும் என்பது அவள் கண்டது. வாரத்தில் ஒரு நாள் லாரி வராது. அதற்கு முந்தின மாலையில் வேலியோரம் இலை பறித்து, கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அரைத்து, பத்து விரல் நுனிகளுக்கும் தொப்பி வைத்துக்கொள்வோம். ஆறாத புண்ணில் அது எரியும் எரிச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால், அடுத்த சில நாள்களுக்குத் தோல் தாங்கும். கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் இட்ட மருதாணி இவ்வாறு எங்களுக்குக் கையுறையாயிற்று.

எங்கள் வரிசையில் ஒருத்தி மட்டும் அதை இடவில்லை. அவள் என் அண்ணி. என் அண்ணனின் மனைவி. அண்ணன் காமாலையில் இறந்து அப்போது ஓராண்டு நிறைந்திருக்கவில்லை. அவளுக்கு ஒரு பெண் குழந்தை. தாலி இறக்கியவள் பூவும் பொட்டும் மருதாணியும் தொடுவதில்லை என்பது எங்களிடையே எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லாத ஒன்று. அவள் தேங்காயெண்ணெய் தடவிப் பழந்துணியைக் கிழித்து விரல்களில் சுற்றிக்கொண்டு உரித்தாள். ஈரத்துணி புண்ணை ஆறவிடாது. எங்களைக் காட்டிலும் அவள் விரல்கள் மோசமாக இருந்தன. தட்டுக் கணக்கில்தான் கூலி; எங்களைக் காட்டிலும் அவள் தட்டு முந்தி நிறைந்தது. நானும் என் கணவனும் ஒரே கூரையில் அவளோடும் குழந்தையோடும் என் தாயோடும் வாழ்ந்தோம். என் கணவனுக்குக் காண்ட்ராக்ட் வேலை; இருந்தால் உண்டு. அண்ணியின் கூலியில்தான் அந்தக் குழந்தைக்குப் பாலும் எங்கள் அனைவருக்கும் பாதி நாள் அரிசியும் வந்தன.

அந்தக் கோடையில் ஒரு நாள் லாரி வழியில் பழுதாகி நின்று, வர வேண்டிய நேரம் கடந்து உச்சிவெயிலில் வந்து சேர்ந்தது. பலகையைத் திறந்தவுடன் உமிதான் இருந்தது. பனிக்கட்டி தண்ணீராகி வழியெல்லாம் சிந்திப் போயிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினோம். இறாலின் தலையைத் தொட்டால் திருகாமலே கழன்று வந்தது. சதை கூழாகி விரலில் ஒட்டியது.

அக்கா ஓர் இறாலை எடுத்து மேஸ்திரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இத இன்னான்னு ஒரிக்கறதுங்க? நாய்கூட மோந்து பார்த்துட்டுப் போயிடும்.”

“உன்னைத் தின்னச் சொன்னேனா? ஒரிக்கத்தான சொன்னேன்” என்றார் மேஸ்திரி. “படிக்காரத் தண்ணியில அலசுங்க. கெட்டியாயிடும். நேத்து மிச்சத்தோட கலந்துட்டா வாசனை தெரியாது.”

“திங்கறவன் வவுத்துக்குத் தெரியும்ல?”

“முதலாளி கொட்டச் சொன்னா கொட்டறேன். நீ முதலாளியா?”

அவர் கெட்டவர் அல்லர். ஒரு லாரி இறாலைக் கொட்டினால் மறுநாள் அவர் மேஸ்திரியாக இருக்க மாட்டார். உரிக்க மாட்டேன் என்று நாங்கள் சொன்னால் நாங்களும் இருக்க மாட்டோம். படிக்காரத் தண்ணீர் எங்கள் புண்களில் ஏறியபோது சிலர் வாய்விட்டு அழுதார்கள். அழுதுகொண்டே உரித்தோம். மாலையில் அந்த இறால் சைக்கிளில் ஏறி நகரியத்துக்குப் போயிற்று.

குடும்பத்தைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வந்த தனியாட்கள் சாப்பிடும் மெஸ் ஒன்றில் அதைச் சமைத்திருக்கிறார்கள். பலருக்கு வாந்தியும் பேதியும் கண்டன. உயிருக்கு மோசம் எதுவும் இல்லை என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. மெஸ்காரர் கொட்டகையைக் காட்ட, சுகாதார இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். தெற்கத்திப் பக்கத்தவர், இளவயது. எங்களை “வாங்க, போங்க” என்று மரியாதையாகப் பேசிய அதிகாரி எனக்குத் தெரிந்து அவர் ஒருவரே.

அவர் வருவது முன்கூட்டியே தெரிந்திருந்தபடியால் அன்று லாரி நிறையப் பனிக்கட்டி இருந்தது. அவர் பெட்டிகளைத் திறந்து பார்த்தார், குறை காணவில்லை. தண்ணீர்ப் பீப்பாயைப் பார்த்து மூடி போடச் சொன்னார். தரையைச் சுண்ணாம்பு இட்டுக் கழுவச் சொன்னார். பின்னர் எங்கள் கைகளைப் பார்த்தார். அந்த வாரத்துக்கு இட்ட மருதாணி வெளுத்திருந்த நாள் அது; குழிகள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

“இந்தக் கையோட சாப்பாட்டுச் சாமானைத் தொடக்கூடாதும்மா” என்றார். “புண்ணுல இருந்து கிருமி அதுல இறங்கும். சாப்பிடறவங்களுக்கும் கெடுதல், உங்களுக்கும் கெடுதல். ஆறுற வரைக்கும் வீட்டுல இருங்க.”

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை என்பதைப் பிற்காலத்தில், எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டு சுகாதாரப் பிரசுரங்களை வாசித்தபோது அறிந்தேன். வீட்டில் இருந்தால் உலை எப்படிக் கொதிக்கும் என்பதற்கு அந்தப் பிரசுரங்களிலும் விடை இல்லை. அடுத்த வாரம் மீண்டும் வருவதாகவும், புண் உள்ள ஒரு கையைக் கண்டாலும் அதற்குரியவரை வெளியேற்ற வேண்டும் என்றும் மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். பனிக்கட்டி இல்லாமல் வந்த லாரியைப் பற்றி எவரும் அவரிடம் வாய்திறக்கவில்லை.

ஜீப்பு மறைந்ததும் மேஸ்திரி எங்கள் பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்கல்ல? அன்னைக்குப் புண்ணு கையோட எவ வந்தாலும் அப்புறம் இந்தப் பக்கம் வரவே தேவையில்ல. அந்த எடத்துக்கு வேற ஆளு கெடைக்கும்.”

ஒரு வாரத்தில் ஆறும் புண் அன்று அது. ஆற வேண்டுமானால் தண்ணீரில் கை வைக்கக்கூடாது. தண்ணீரில் கை வைக்காவிட்டால் இடம் போய்விடும். அக்காதான் வழி சொன்னாள். திறந்த சதையில் மருதாணி பிடிக்காது. சுற்றியுள்ள தோல் கறுஞ்சிவப்பாகிவிட்டால் நடுவில் இருக்கும் சிவப்பு தனியே கண்ணில் படாது. இலையை வழக்கத்தைவிடக் கெட்டியாக அரைத்து, முதல் கணு வரைக்கும் அப்பி, இரண்டு முறை இட வேண்டும். அனைவரும் ஒப்புக்கொண்டோம். அப்போதுதான் அண்ணி எங்கள் நடுவே உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்து, பேச்சு நின்றது.

“நீயும் போட்டுக்கோடி” என்றாள் அக்கா.

“வேணாங்க்கா.”

“செத்தவன் வந்து கைய நீட்டுன்னு கேக்கப்போறானா?”

“அவரு கேக்க மாட்டாரு. ஊரு கேக்கும்.”

“ஊரு கேட்டா, ஊரே சோறு போடுன்னு சொல்லு.”

அண்ணி துணியை விரல்களில் இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

லாரி வராத நாளின் பிற்பகலில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நான் மருதாணி அரைத்துக்கொண்டிருந்தேன். என் தாய் வந்து அருகில் உட்கார்ந்தாள். மகன் இறந்த நாள்முதல் வீட்டில் எந்தப் பேச்சிலும் கலந்துகொள்ளாமல் இருந்தவள் அவள். அம்மியில் இருந்ததைப் பாதி வழித்துக் கையில் எடுத்துக்கொண்டு, “அவளக் கூப்புடு” என்றாள். அண்ணி வந்து நின்றாள்.

“குந்து. கைய நீட்டு.”

“அத்த, நீங்களே இப்படிச் செய்யலாமா?”

“எம்புள்ள போனதோட உன் வவுறும் போயிடுச்சா? அந்தக் கொழந்தைக்கு வவுறு இல்ல? நீட்டுன்னா நீட்டு.”

அண்ணி கையை நீட்டினாள். என் தாய் விரல் விரலாக எடுத்து, சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். வலக்கைக் கட்டைவிரலின் புண்ணைக் கண்டதும் அவள் கை சற்று நின்றது. பிறகு இட்டாள். அண்ணிக்கு எரிச்சலில் உடம்பு முழுவதும் நடுங்கியது. மகனுக்குப் பெண் பார்த்து அழைத்து வந்த நாளில் இதே கைகளுக்கு என் தாய் மருதாணி வைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அதை அங்கே இருந்த மூவரில் ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அண்ணியின் கைகள் எங்கள் அனைவருடையதையும்விட நன்றாகச் சிவந்திருந்தன. குழாயடியில் ஒருத்தி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, “இன்னாடி, எவனாவது பர்மெனண்ட்டு வேலைக்காரனாப் பார்த்துட்டியா?” என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணி குடத்தை நிரப்பாமலே வீட்டுக்குத் திரும்பினாள். கொட்டகைக்குப் போகும் வழியில் முந்தானைக்குள் கைகளை மறைத்துக்கொண்டு நடந்தாள்.

இடையில் வந்த அந்த வாரத்தில் எங்கள் கைச்சாயம் சற்றே இறாலில் ஏறியது. இப்போது வரும் இறால் நல்ல நிறமாக இருப்பதாக ஒரு மெஸ்காரர் மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பினாராம். அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். அண்ணியும் சிரித்தாள்.

இன்ஸ்பெக்டர் சொன்னபடி வந்தார். பீப்பாய்க்கு மூடி இருந்தது, தரை வெளுத்திருந்தது. எங்களை வரிசையாக எழுந்து நின்று கைகளை நீட்டச் சொன்னார். சிவந்த கைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டதைப் பார்த்து அவருக்கு வியப்பு.

“என்ன, எல்லாருக்கும் ஒரே நாள்ல விசேஷமா?”

“ஆமாங்க” என்றாள் அக்கா. “எறாவுக்குக் கல்யாணம். நாங்க பொண்ணு வூடு.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொண்டு நடந்தார். என்னையும் கடந்தார். எனக்கு அடுத்து நின்றவள் அண்ணி. அவள் கைகளைப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் போகக் காலெடுத்து வைத்தவர், எதேச்சையாக அவள் முகத்தைப் பார்த்தார். வெறும் நெற்றி, வெறும் கழுத்து. மீண்டும் கைகளைப் பார்த்தார். எங்கள் யோசனையில் நாங்கள் காணத் தவறிய இடம் அது. மருதாணி இடாதிருந்தால் அண்ணியின் புண் அவளைக் காட்டிக்கொடுத்திருக்கும். இட்டபடியால் மருதாணியே அவளைக் காட்டிக்கொடுத்தது. அவர் எந்த மாவட்டத்தில் பிறந்தவராக இருந்தால் என்ன? தாலியில்லாத கழுத்துக்கும் சிவந்த விரலுக்கும் உள்ள பொருத்தமின்மை தமிழ்நாட்டில் வளர்ந்த எவர் கண்ணுக்கும் தப்பாது.

“தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க இதைப் போட்டுக்கிறது வழக்கமா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அவள் வலக்கையைப் பற்றிக் கட்டைவிரலின் நுனியை மெல்ல அழுத்தினார். அவள் கண்களை இறுக மூடினாள். சிவப்பின் நடுவிலிருந்து சீழ் கசிந்து அவர் விரலில் பட்டது. அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு வரிசையை முதலிலிருந்து மறுபடி பார்த்தார். இந்த முறை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. என் கை தானாகவே பின்னால் போயிற்று.

மேஸ்திரி முந்திக்கொண்டார்.

“அந்த ஒண்ணுதான் சார் இப்படி. மத்ததெல்லாம் ஆசைக்குப் போட்டுக்கினு வந்துதுங்க. பொம்பளைங்க பாருங்க. இதை இப்பவே அனுப்பிடறேன்.”

“அவ கையில புண்ணுன்னா எங்க கையில இன்னா பூவா மொளைச்சிருக்கு?” என்று அக்கா வரிசையிலிருந்து கேட்டாள்.

மேஸ்திரி அவள் பக்கம் திரும்பி, “எல்லாருமே வூட்டுக்குப் போறீங்களா?” என்றார். உரக்கச் சொல்லவில்லை.

“என்னம்மா சொன்னீங்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

அண்ணி அக்காவைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தாள். அக்கா வாயை மூடிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் சற்று நேரம் காத்திருந்தார். அக்கா சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும் என்பதே என் எண்ணம். அழுத்திப் பார்த்தால் ஒருத்திகூட மிஞ்ச மாட்டாள் என்பதும், கொட்டகையை மூட வேண்டிவரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் அண்ணியிடம், “ஆஸ்பத்திரியில காட்டிக்கோங்க. ஆறினதும் வேலைக்கு வரலாம்” என்று சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். அண்ணி தன் தட்டை என் பக்கமாக நகர்த்திவைத்துவிட்டு வெளியேறினாள். அதில் இருந்த இறால் என் கணக்கில் சேர்ந்தது.

மருதாணியின் நிறம் தோலில் சில நாள்களில் மங்கிவிடும். நகத்தில் அப்படி மங்காது. நகம் வளர்ந்து வெட்டப்பட்டால்தான் போகும். அண்ணி அந்த நிறத்தோடு வேறு வேலை தேடினாள். எள் அறுவடை நடந்த ஒரு களத்தில், வீட்டுக்கார அம்மாள் அவள் நகங்களைப் பார்த்துவிட்டு, “இது இன்னா கோலம்? களத்துல கால வைக்காத” என்று திருப்பி அனுப்பினாள். வடலூரில் மல்லாட்டை உரிக்கும் மண்டியில் கட்டைவிரலின் வீக்கத்தைக் கண்டு சேர்த்துக்கொள்ளவில்லை. சிவப்பைப் போக்குவதற்காக அவள் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தாள். கண்ணாடித் துண்டால் நகத்தைச் சுரண்டினாள். என் தாய் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தடுக்கவும் மாட்டாள், எழுந்து போகவும் மாட்டாள். குழந்தைக்குப் பால் நின்று கஞ்சித் தண்ணீர் ஆயிற்று. நான் கொண்டுவந்த கூலியில் எல்லோரும் சாப்பிட்டோம். அண்ணி கடைசியாக உட்கார்ந்து, முதலில் எழுந்துவிடுவாள்.

ஆனால் கை ஆறிற்று. தண்ணீரும் இறாலும் படாத கை ஆறத்தானே செய்யும்? குழிகள் மூடிப் புதுத் தோல் வந்தது. கட்டைவிரலின் வீக்கம் வடிந்தது. நுனி சிறிது மரத்துப்போனது மட்டும் மாறவில்லை. நகத்தின் சிவப்பு ஓரத்தில் ஒரு கோடாகச் சுருங்கியதும், அதையும் வெட்டி எறிந்துவிட்டு, தலைவாரிக்கொண்டு ஒரு காலையில் என்னோடு கொட்டகைக்குப் புறப்பட்டாள். இன்ஸ்பெக்டர் சொன்ன வார்த்தையை அவள் நம்பியிருந்தாள்.

மேஸ்திரி வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றார். அண்ணி இரண்டு கைகளையும் அவர்முன் விரித்துக் காட்டினாள். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு, உண்மையிலேயே அக்கறையோடு குனிந்து பார்த்தார்.

“நல்லா ஆறிடுச்சே. இவ்வளவு சுத்தமான கை இந்தக் கொட்டாய்லயே இல்ல” என்றார். “எடந்தான் இல்லம்மா.”

அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் பக்கத்து ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வலக்கையின் மூன்று விரல்களில் அதற்குள் துணி சுற்றியிருந்தது. அண்ணி அவளைப் பார்த்தாள், கோபமாகப் பார்க்கவில்லை.

“ஈரத்துணியச் சுத்தாத. ஆறாது” என்று அவளிடம் சொல்லிவிட்டு, முந்திரித் தோப்பின் வழியே வீட்டுக்கு நடந்தாள். அந்த மாதம் முடிவதற்குள் குழந்தையை எடுத்துக்கொண்டு விருத்தாசலத்துக்கு அப்பால் இருந்த தன் தாய்வீட்டுக்குப் போனாள். பிறகு எங்களோடு வந்து வாழவில்லை.

நான் அந்தக் கொட்டகை மூடப்படும் வரையில் அங்கே உரித்தேன். வாரந்தோறும் மருதாணி இட்டேன்.